லயத்தில் ஆளுண்டு, பிள்ளையில்லை

மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங் பட்டணத்தைத் தாண்டி கீ ஃபார்ம் சந்தைப் பக்கம் போனால், பெரிய சாலையை விட்டு ஒரு குறுகிய பாதை பிரிந்து தேயிலைச் சரிவுகளுக்குள் ஏறுகிறது. எதிரே வண்டி வந்தால் ஒருவர் ஓரங்கட்டியாக வேண்டும். அது சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கும், 2,000 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் பிரிஞ்சாங் மலை உச்சிக்கும் போகும் வழி. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கோலாலம்பூர்க்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் வரிசையாக ஏறி, தேநீர் குடித்து, பச்சைச் சரிவின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். அந்தத் தோட்டத்தின் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி இருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்தான்.

கேமரன் மலையில் சுங்கை பாலாஸ், போ, புளூ வேலி என்று தோட்டத்தின் பெயரோடு நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. தானா ராத்தா, ரிங்லெட் என்று பட்டணத்தின் பெயரோடு நிற்பவையும் உண்டு. தோட்டத்துப் பள்ளிக்குப் பதவி உயர்வில் வரும் ஒருவருக்குப் பெரும்பாலும் அதுவே முதல் தலைமைப் பொறுப்பு. அதுவரை கீழ்நாட்டுப் பட்டணம் ஒன்றில் ஆயிரத்தை நெருங்கும் மாணவர்களைக் கொண்ட பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக இருந்திருப்பார். மாலை போட்டு, முகநூலில் வாழ்த்துப் போட்டு அனுப்பி வைப்பார்கள். மலையேறி வந்து முதல் திங்கட்கிழமை சபைகூடலில் நின்று பார்த்தால், மூடுபனிக்குள் கம்பளிச் சட்டை போட்ட சில வரிசைகள். எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகாது.

புதிய தலைமையாசிரியரின் சிரமங்கள் என்று எந்தக் கல்வி இதழைப் பிரித்தாலும் ஒரே பட்டியல்தான் கிடைக்கும்: நேரம் போதவில்லை, கோப்புகள் அதிகம், பழைய ஆசிரியர்கள் ஒத்துழைப்பதில்லை, தனிமை. எல்லாம் உண்மை. ஆனால் இந்த மலையில் அவருடைய முதல் சிரமம் இவற்றில் எதுவும் இல்லை. பள்ளிக்குப் பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள் என்பதே. நூறு ஆண்டுகளுக்கு முன் தோட்டத்துப் பள்ளியைப் பிறப்பித்ததும் இந்தக் கேள்விதான். அன்றும் இன்றும் இதற்குப் பதில் சொன்னது கல்விச் சட்டம் இல்லை, தொழிலாளர் சட்டம்.

அன்றைய கதையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

மலாயாவில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு வகுப்பாகத் தொடங்கியது. தோட்டங்களுக்குப் பள்ளி வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. 1912இல் வந்த தொழிலாளர் சட்டம், 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி வைத்தாக வேண்டும் என்றது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை இன்னும் இறுக்கியது. வெள்ளைக்காரத் துரைகளுக்குத் தமிழ்ப் பிள்ளைகளின் படிப்பில் திடீரென்று அக்கறை பிறந்துவிடவில்லை. தோட்டத்துக்கு வேண்டியது நிலையான ஆள்பலம். தனி ஆள் ஓடிவிடுவான், குடும்பம் தங்கும். குடும்பமாக வந்தால் பிள்ளைகள் இருப்பார்கள். பிள்ளைகளை ஆயாக் கொட்டகையிலும் பள்ளிக் கொட்டகையிலும் விட்டால் தாயும் வேலைக்கு இறங்குவாள். இந்தியாவில் இருந்த அரசும் தன் குடிமக்களை அனுப்ப வேண்டுமானால் இவையெல்லாம் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரியார் 1936 இறுதியில் தொழிலாளர் நிலையைப் பார்க்க மலாயா வந்ததும் அந்த வரிசையில்தான்.

கேமரன் மலைக்குத் தேயிலை வந்ததும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து சாலை 1931இல் தானா ராத்தாவை எட்டியது. தொடங்கிய ஆண்டே உலகப் பொருளாதாரச் சரிவு. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தையே நிறுத்திவிட்டது. ஆகவே இந்த மலைத் தோட்டங்களுக்குக் ஊரிலிருந்து ஆள் திரட்டிய கங்காணி முறையின் வால்தான் கிடைத்தது எனலாம். கப்பலில் புது ஆள் வராத நிலையில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைதான் நாளைய கொழுந்துக்கூடை. பள்ளிப் பதிவேட்டில் பெயர்களுக்குக் குறைவே இல்லை.

அந்தப் பதிவேட்டை வைத்திருந்த மனிதர் யார்? தொடக்க காலத்தில் தோட்டத்து எழுத்தரான ஒரு கிராணியாக இருக்கலாம், படித்த கங்காணியாக இருக்கலாம், ஊரில் இரண்டெழுத்து கற்றுவந்த எவராகவும் இருக்கலாம். பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. சம்பளம் தோட்டத்திலிருந்து. வருகையையும் தேர்வு முடிவையும் பார்த்து அரசு கொடுத்த உதவித்தொகையும் தோட்டத்தின் கைக்குத்தான் போனது. பாடப்புத்தகங்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவை. பனியில் நடுங்கும் பிள்ளைகள் காவிரியையும் வைகையையும் மனப்பாடம் செய்தார்கள். காலையில் பள்ளி, மதியத்துக்குமேல் காடு. நான்காம் வகுப்பு முடிந்தால் பெரும்பாலோருக்குப் படிப்பு முடிந்தது, பத்துப் பன்னிரண்டு வயதில் கொழுந்தெடுக்கப் போய்விடுவார்கள்.

புதிதாக வந்த வாத்தியார் முதலில் சமாளிக்க வேண்டியது மேலதிகாரியை இல்லை, துரையை. பங்களாவுக்குப் போய் நின்று சலாம் போட்டுவிட்டு வர வேண்டும். தங்கும் வீடு அவர் கொடுத்தது. பள்ளிக் கொட்டகை அவருடைய நிலத்தில் அவருடைய பலகையில் கட்டியது. கள்ளுக்கடையைப் பற்றியோ கூலியைப் பற்றியோ வாய் திறந்தால் மறுநாள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கிராணிக்குக் கீழே, தொழிலாளிக்கு மேலே என்ற அந்தரமான படியில் அவரை வைத்திருந்தார்கள்.

அதே மனிதர் சாயங்காலம் லயத்துக்குள் வந்தால் நிலைமை வேறு. கடிதம் எழுதவும், ஊருக்குப் பணம் அனுப்பும் தாளை நிரப்பவும், தமிழ் நேசன் நாளிதழை உரக்க வாசித்துக் காட்டவும் அவர்தான். கோயில் கணக்கு, திருவிழா நாடகம், கல்யாணப் பத்திரிகை, புருஷன் பெண்டாட்டி சண்டையில் பஞ்சாயத்து என்று அவரில்லாமல் நடந்தது குறைவு. பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலுக்கு மலைத் தோட்டங்களிலிருந்து கூட்டம் நடந்தே இறங்கிய காலத்தில், பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போனவரும் வாத்தியார்தான். அவருடைய அதிகாரம் நியமனக் கடிதத்தில் இல்லை. இருபது முப்பது ஆண்டு அதே லயத்தின் முனையில் குடியிருந்து, அப்பனுக்கும் மகனுக்கும் அதே ரோத்தான் பிரம்பால் கணக்குச் சொல்லிக்கொடுத்ததில் இருந்தது. (இதை நினைத்து உருகுகிறவர்கள் அந்த ரோத்தானையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டு ஒரே இடத்தில் இருந்தவர்களில் நல்லாசிரியர்களும் உண்டு, பிள்ளைகளை மாட்டுக்குப் புல்லறுக்க அனுப்பியவர்களும் உண்டு.)

1957க்குப் பிறகு ஆசிரியர்கள் ஒருங்கிணைந்த கல்விச் சேவைக்குள் வந்தார்கள். 1956ஆம் ஆண்டு ரசாக் கல்வி அறிக்கை, பொதுப் பாடத்திட்டம், அரசுச் சம்பளம். வாத்தியார் துரையின் ஆள் இல்லை என்றானது. ஆனால் கட்டடமும் நிலமும் துரையிடமே இருந்தன. இந்தப் பழைய முடிச்சு இன்றுவரை முழுதாக அவிழவில்லை. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இன்னும் பகுதி உதவிபெறும் பள்ளிகள். நிலம் அரசுடையது அல்ல. ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. கூரை ஒழுகினால், மதில் இடிந்தால், தண்ணீர்க் குழாய் வெடித்தால் தோட்ட நிர்வாகத்தையும் பள்ளி வாரியத்தையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் கல்வி இலாகாவையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர வேண்டியவர் தலைமையாசிரியர்.

கல்விச் சட்டங்களால் ஆகாத அளவுக்குத் தோட்டப் பள்ளிகளை உலுக்கியது வேறொன்று. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. தோட்டங்களிலிருந்து சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. குடியுரிமை வாங்காமல் இருந்தது வெறும் அசட்டை இல்லை. பத்திரம் எழுதவோ படிக்கவோ தெரியாமை, அலைச்சல், ‘நமக்கு யார் கேட்கப்போகிறார்கள்’ என்ற எண்ணம். ஒரு குடும்பம் கப்பலேறினால் பள்ளியில் மூன்று நான்கு பெயர்கள் ஒரே நாளில் அடிபட்டன. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பார்கள். இன்று 530க்குச் சற்றுக் குறைவு. சமவெளியில் ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீட்டு மனைகளாயின. பள்ளிகள் தோட்டத்தோடு போயின, அல்லது பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பட்டணத்துக்கு இடம் மாறின.

கேமரன் மலையில் அப்படி நடக்கவில்லை. அதுதான் இங்கே விசித்திரம். போ நிறுவனம் இன்னும் ரஸ்ஸல் குடும்பத்திடமே இருக்கிறது. தேயிலை இன்னும் தேயிலையாகவே நிற்கிறது. வியாபாரம் நன்றாக நடக்கிறது. லயங்களிலும் விளக்கு எரிகிறது. அப்படியானால் பிள்ளைகள் எங்கே?

விளக்கு எரியும் அந்த வீடுகளில் இன்று பெரும்பாலும் இருப்பவர்கள் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். தற்காலிக வேலை அனுமதியில் வரும் வெளிநாட்டுத் தொழிலாளி மனைவி மக்களை அழைத்துவர முடியாது. அனுமதிக் காலத்தில் இங்கே கல்யாணம் செய்துகொள்ளவும் கூடாது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பத்தை வரவழைக்கப் பள்ளி கட்டச் சொன்னது. இன்றைய விதி குடும்பமே வேண்டாம் என்கிறது. கொழுந்து பறிக்கும் கத்தரியும் இயந்திரமும் வந்த பிறகு சரிவில் இறங்கும் ஆள் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. தொழில் இருக்கிறது, வேலைசெய்ய ஆட்கள் இருக்கிறார்கள், குழந்தைகள் மட்டும் டாக்காவிலும் காத்மாண்டுவிலும் கைபேசித் திரையில் வளர்கிறார்கள். தோட்டத்து வாசலில் நிற்கும் பள்ளிக்குத் தோட்டத்திலிருந்து பிள்ளை வருவது அருகிவிட்டது.

இலங்கையைப் பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் துலங்கும். அங்கே 1907ஆம் ஆண்டு கிராமப் பாடசாலைச் சட்டமே தோட்டங்களைப் பள்ளி பக்கம் தள்ளியது. பின்னாளில், 1970களின் பிற்பகுதியிலிருந்து, அரசு அந்தப் பள்ளிகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. நுவரெலியாவின் தோட்டத்துப் பள்ளி அதிபருக்கு இன்று பிள்ளைப் பஞ்சம் கிடையாது. அவருக்குக் கணக்கு, விஞ்ஞானம் சொல்லித்தர ஆசிரியர் கிடைப்பதில்லை. லயத்தில் அதே குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருப்பதால் வகுப்பறை நிறைகிறது. பிரிஞ்சாங்கில் ஆசிரியர் உண்டு, கணினி உண்டு, அறிவியல் கூடம்கூட உண்டு. அதே தேயிலை, அதே தமிழ். அதிபர்களின் கவலைகள்தான் நேர் எதிர்த் திசையில்.

தமிழ்க் குடும்பங்கள் மலையை விட்டே போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் போக, மீதமுள்ளவர்கள் லயத்தை விட்டுப் பட்டணத்துக்கு இறங்கினார்கள். பிரிஞ்சாங்கில் அடுக்குமாடி வீடு, தானா ராத்தாவில் கடை, லாரி, டாக்சி, விடுதி வேலை, காய்கறித் தோட்டம். 2000களின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாய் சாலை திறந்த பிறகு ஈப்போ இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது. இவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஆறு வயது முடியும்போது பெற்றோர் முன் மூன்று கதவுகள்: பக்கத்திலேயே தேசியப் பள்ளி, கைக்கெட்டும் தூரத்தில் சீனப்பள்ளி, மேலே தோட்டத்தில் தமிழ்ப்பள்ளி. மூன்றாவது கதவுக்குப் போகும் வழி மேலே சொன்ன அந்த ஒற்றைச் சாலை.

புதிய தலைமையாசிரியர் இந்த நிலையில்தான் வந்து இறங்குகிறார். கையில் தகுதிச் சான்றிதழ் இருக்கிறது. கல்வி அமைச்சின் அமினுடின் பாக்கி கழகத்தில், கல்வித் தலைவர்களுக்கான தேசியத் தொழில்முறைத் தகுதி, சுருக்கமாக என்பிகியூஇஎல், படித்துத் தேர்ந்திருப்பார். இங்கிலாந்தில் 1997இல் தொடங்கிய ஒரு தகுதியைப் பார்த்து மலேசியாவில் 1999இல் ஏற்பட்டது இதன் முதல் வடிவம். பிறகு பெயரும் பாடமும் மாறின. இங்கிலாந்து 2012இல் அதைக் கட்டாயம் இல்லை என்று தளர்த்திய சிறிது காலத்துக்குள் மலேசியா அதைக் கட்டாயமாக்கியது. என்னைக் கேட்டால் மலேசியா செய்ததே சரி. வெறும் பணிமூப்பில், ஓய்வுக்கு இரண்டு மூன்று ஆண்டு இருக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்தவர்களை நாம் போதிய அளவு பார்த்திருக்கிறோம். முந்தைய தலைவரோடு சில காலம் இருந்து பொறுப்பைக் கற்றுக்கொள்ளும் திட்டமும் 2013ஆம் ஆண்டுக் கல்விப் பெருந்திட்டத்தை ஒட்டி வந்தது. ஏற்பாடு நல்லது. ஆனால் அந்தப் பயிற்சியெல்லாம் ஒரு பள்ளி ஏற்கெனவே இருக்கிறது, அதில் பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணத்தின் மேல் கட்டப்பட்டது. பிள்ளையைத் தேடிப் போகும் தலைவருக்கு அதில் அத்தியாயம் இல்லை.

அலுவல் சுமை எப்படி இருக்கிறது? பள்ளிகளை மதிப்பிட 2017இல் வந்த எஸ்கேபிஎம் இரண்டாம் அலைத் தர அளவுகோலில் தலைமைத்துவம், நிர்வாகம், பாடத்திட்டம் மற்றும் மாணவர் நலன், வகுப்பறைக் கற்றல், மாணவர் அடைவு என்று ஐந்து பெரும் பிரிவுகள். மாணவர் தரவுக்கு ஒரு தளம், வருகைக்கு ஒன்று, நிதிக்கு ஒன்று, வகுப்பறை மதிப்பீட்டுக்கு ஒன்று. 2,000 பேர் படிக்கும் பள்ளியும் இதையே நிரப்புகிறது, கைவிரல்களால் எண்ணிவிடக்கூடிய வகுப்புகள் உள்ள பள்ளியும் இதையே நிரப்புகிறது. பெரிய பள்ளியில் இதற்கெல்லாம் ஆள் உண்டு. இங்கே ஒரே ஆசிரியை பாடநூல் பொறுப்பாளர், ஒழுங்குக் குழுச் செயலாளர், சாரணர் பொறுப்பாளர், நூலக ஆசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொருளாளர். கூட்டம் நடத்தினால் எல்லாக் குழுக்களும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும். தலைவர் எழுந்து செயலாளரிடம் அறிக்கை கேட்டால் பதில் சொல்பவரும் அவருக்கு எதிரே அப்போதுதான் டீ ஊற்றியவர்தான். மாணவர் 30க்குக் கீழே போனால் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து இணைந்த வகுப்பு. ஒரு பக்கம் நான்காம் ஆண்டுக்குப் பின்னம், மறுபக்கம் மூன்றாம் ஆண்டுக்கு வாய்பாடு. யாராவது ஒருவர் மருத்துவ விடுப்பில் போனால் தலைமையாசிரியரே வகுப்புக்குள் போக வேண்டியதுதான். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை 150க்குக் குறைவான மாணவர்களைக் கொண்டவை. ஆகவே இது விதிவிலக்கான கதையும் இல்லை.

தூரமும் ஒரு சுமை. இந்த மலை சேர்ந்திருக்கும் பகாங் மாநிலத்தின் கல்வி இலாகா குவாந்தானில் இருக்கிறது. மலையின் சாலைகள் இயல்பாக இறங்குவது பேராக் பக்கம். ஈப்போவுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். சொந்த மாநிலத் தலைநகரில் ஒரு கூட்டம் என்றால் ஐந்தாறு மணி நேரம் வண்டியோட்ட வேண்டும். மழைக்காலத்தில் எங்காவது மண் சரிந்திருந்தால் அதற்கும் மேல். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளி வீட்டுக்குள் போனபோது, பள்ளத்தாக்கு வீடுகளில் இணையக் கோடு ஏறாததால் பாடத்தாள்களை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்த ஆசிரியர்களைப் பற்றி இந்த நாடெங்கும் கேட்கலாம். அந்த நாட்களில் பழைய வாத்தியாரின் வேலையையே இவர்கள் செய்தார்கள்: வீடு வீடாக நடப்பது.

எனக்குத் தெரிந்தவரை புதிதாகப் பொறுப்பேற்கிறவர்களை மற்ற எதையும்விடக் கூச வைப்பது பிள்ளை கேட்டுப் போவதுதான். ஆண்டு 1 பதிவு ஒரு வருடம் முன்பே நடக்கிறது. ஆகவே நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளை இப்போதே அறிந்திருக்க வேண்டும். பாலர் பள்ளிகளுக்குப் போக வேண்டும். கோயில் வாசலில் நிற்க வேண்டும். பழக்கடை வைத்திருக்கும் தம்பதியிடம், “அக்கா, பிள்ளைய நம்ம பள்ளிக்கு அனுப்புங்க” என்று சொல்ல வேண்டும். அவர்கள் மரியாதையாகவே பதில் சொல்வார்கள்: “அனுப்பலாம் டீச்சர், ஆனா கூட்டாளிங்களே இல்லாம எப்படிப் படிக்கும்?” இந்தக் கேள்விக்கு மொழிப்பற்றைப் பதிலாகச் சொல்லிப் பயனில்லை. ஒரு வகுப்பில் மூன்று பேர் என்றால் ஓட்டப் பந்தயத்தில் மூவருக்கும் பரிசு என்பது முதல் வருடம் இனிக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது போதாது என்பதைப் பெற்றோர் அறிவார்கள்.

இன்னொரு சங்கடம் வெளியே பேசப்படுவதில்லை. சிறிய பள்ளி ஒன்று மாணவரைச் சேர்த்துக்கொண்டால் அந்தப் பிள்ளை பல நேரங்களில் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளை. ஒரு தலைமையாசிரியரின் சாதனை அறிக்கை இன்னொருவரின் சரிவு அறிக்கை. மாவட்டக் கூட்டத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும்.

இடையில் பத்திரம் இல்லாத பிள்ளைகளும் வருகிறார்கள். தாய் வெளிநாட்டவர், தந்தை மலேசியர், கல்யாணம் பதிவு செய்யப்படவில்லை. அல்லது பாட்டியிடம் விட்டுப்போன பிள்ளையின் பிறப்புப் பத்திரமே இல்லை. சேர்க்கத் தற்காலிக வழி உண்டு. பிறகு பதிவிலாகாவுக்கு யார் அலைவது? 1968இல் குடியுரிமைப் பத்திரம் எழுதத் தெரியாமல் கப்பலேறியவர்களின் நிலை இன்று யாருக்காவது நினைவுக்கு வருமோ வராதோ, படிவத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பவர் அன்றைய வாத்தியாரைப் போலவே இன்றும் பள்ளிக்காரர்தான். இதை எந்தத் தர அளவுகோலும் புள்ளிபோட்டுப் பார்ப்பதில்லை.

இன்றைய தலைவருக்கு அன்றைய வாத்தியாரின் சுதந்திரக் குறைவு இல்லை. துரையைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. ஆனால் அன்றைய வாத்தியாரின் ஊரும் இவருக்கு இல்லை. பெரும்பாலும் இவர் பெண். கணவர் ஈப்போவிலோ சிரம்பானிலோ வேலை, பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். பிரிஞ்சாங்கில் வாடகை சுற்றுலா விலைக்கு ஏறிவிட்டதால் ஓர் அறையில் தங்கி, வெள்ளிக்கிழமை மாலை மலையிறங்கி, ஞாயிறு மாலை கார் நெரிசலில் ஏறி வருவார். இணையம் வழி இடமாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பார். இதற்காக அவரைக் குறைசொல்லும் பேச்சு தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் உண்டு. ‘பழைய வாத்தியார் தோட்டத்திலேயே செத்தார்’ என்பார்கள். பழைய வாத்தியாருக்கு வேறு போக்கிடம் இல்லாததை வசதியாக மறந்துவிடுவார்கள். மூன்று ஆண்டில் மாறிப் போகும் தலைவரைத் திட்டுவதைவிட, மூன்று ஆண்டில் அவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்குப் போய்ச் சேர்கிறதா என்று கேட்பது உருப்படியான வேலை.

மூடிவிடலாமே என்று சொல்கிறவர்களும் உண்டு. பட்டணத்துப் பள்ளியோடு இணைத்தால் பிள்ளைக்குக் கூட்டாளி கிடைப்பார்கள், பந்தயத்துக்கு அணி சேரும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இணைப்பதும் இடம் மாற்றுவதும் கோலாலம்பூரில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் பேச்சு; அதுவரை வகுப்பறையில் இருக்கும் பிள்ளை காத்திருக்காது. சிறிய பள்ளிக்கு அதன் வரமும் உண்டு. எழுத்துக்கூட்ட முடியாத பிள்ளை கடைசி பெஞ்சில் ஒளிந்துகொள்ள இங்கே கடைசி பெஞ்சே இல்லை. 2021இல் ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வு ரத்தான பிறகு, ‘அனைத்தும் ஏ’ பதாகை தொங்கவிடும் போட்டியிலிருந்து இந்தப் பள்ளிகள் தப்பித்தன. ஒவ்வொரு பிள்ளையையும் கவனித்து மதிப்பிடச் சொல்லும் வகுப்பறை மதிப்பீட்டு முறை, நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் பெயரளவுக்கு நடக்கிறது. எட்டுப் பேர் இருக்கும் வகுப்பில் அதை உண்மையாகவே செய்யலாம். புதிதாக வருகிறவர் இதைத் துருப்பாகப் பிடித்துக்கொண்டால் அந்தப் பழக்கடைத் தம்பதிக்குச் சொல்ல ஒரு பதில் கிடைக்கும்.

ஆனால் அதற்கும் முன்னால் வேன். தோட்டத்துப் பள்ளியின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் மேடைகளில் இந்தச் சொல் வருவதே இல்லை. பிரிஞ்சாங் அடுக்குமாடியிலிருந்தும் பக்கத்துத் திரிங்காப் பட்டணத்திலிருந்தும் ஆறு வயதுப் பிள்ளையை விடியற்காலைப் பனியில் ஏற்றி, ஒற்றைச் சாலையில் கொண்டுபோய், மதியம் திரும்பக் கொண்டுவரும் ஒரு வேன்காரர் இருந்தால் மூன்றாவது கதவு திறக்கிறது. இல்லாவிட்டால் அது சுவர்தான். பிள்ளைகள் குறைவு என்றால் வேன்காரருக்குக் கட்டுப்படியாகாது. வேன் இல்லை என்றால் பிள்ளைகள் இன்னும் குறைவார்கள். வாரியமோ, பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, கோயிலோ, தோட்ட நிர்வாகமோ கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டால்தான் சக்கரம் சுழலும். புதிய தலைமையாசிரியர் தன் முதல் மூன்று மாதத்தை இலக்குப் பலகைக்கு வர்ணம் அடிப்பதில் செலவழிக்காமல் இந்த நான்கு வாசல்களிலும் ஏறி இறங்குவதில் செலவழித்தால் தேவலை.

பொறுப்பு மாறும்போது ஒரு கைமாற்றுக் கோப்பு எழுதுகிறார்கள். சாவிகள், வங்கிக் கணக்கு, மேசை நாற்காலிப் பட்டியல், நிலுவைக் கடிதங்கள், கடைசியாக நடந்த தரமதிப்பீட்டின் புள்ளிகள் எல்லாம் அதில் இருக்கும். கல்வி இலாகா அதில் இன்னும் இரண்டு பக்கம் சேர்க்கச் சொல்லலாம். ஒன்றில், பள்ளியைச் சுற்றி ஆறேழு மைலுக்குள் ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்ப் பிள்ளைகள் இருக்கும் வீடுகள், பெற்றோர் செய்யும் தொழில், பத்திரம் இருக்கிறதா என்ற விவரம். இன்னொன்றில் வேன்காரரின் தொலைபேசி எண், அவர் வண்டி கிளம்பும் நேரம், போன மாதம் வரை அவருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி.